மலைப்பாதைக்கு ஒரு சைக்கிள்: டயரின் அகலத்தை முன்வைத்து

கடையில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களுக்கு முன்னால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கியர்?" என்பதாகவும், அடுத்த கேள்வி விலையைப் பற்றியதாகவுமே இருக்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை போன்ற இடங்களில் வசித்துக்கொண்டு, ஒரே சைக்கிளில் வேலைக்கும் கடைக்கும் தோட்டத்துப் பாதைக்கும் போய்வர நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான் என்பது என் கருத்து. இருக்கையை மாற்றலாம், கைபிடியை மாற்றலாம், பற்சக்கரங்களைக்கூட மாற்றிக்கொள்ளலாம்; டயரோ எப்படியும் தேய்ந்து மாற்றத்தான் போகிறது. ஃபிரேமில் இடம் இல்லையென்றால் அதை எந்தச் சைக்கிள் பாஸாலும் உண்டாக்கித் தர முடியாது.

இடைவெளிக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்கு நமது பாதைகளே காரணம். லிந்துலைப் பக்கத்தில் நான் கற்பிக்கும் பாடசாலைக்குப் போவதற்குள் மூன்று வகையான தரையைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதலில் பிரதான வீதி. காபட் போட்டு வழுவழுப்பாக இருந்தாலும், மழை நாட்களில் அதன் ஓரத்தில் பச்சைப் பாசி படிந்திருக்கும். அடுத்தது, தோட்டத்துக்குள் ஏறும் கொங்கிரீட் பாதை. லொறிச் சக்கரம் வழுக்காதிருக்கக் குறுக்கே கோடு கீறியிருப்பதால் சைக்கிளின் கைபிடி முழு ஏற்றத்திலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கடைசியாக வருவது கொழுந்து லொறிக்காக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கல் பதித்துப் போட்ட பழைய பாதை. நடுவில் புல் வளர்ந்து, இரு பக்கமும் சக்கரத்தடம் பள்ளமாகி, கான் குறுக்கிடும் இடங்களில் இரும்புக் கம்பிகளை அடுக்கிப் பாலம்போல் போட்டிருப்பார்கள். அந்தக் கம்பிகள் பாதையின் நீளவாக்கில் கிடக்கும் இடங்களில் 25 மில்லிமீட்டர் டயர் இடைவெளிக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் டயர் மேலாக உருண்டு போய்விடும்.

2022ஆம் ஆண்டில் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில் மலைநாட்டிலும் பலர் சைக்கிள் வாங்கினார்கள். சமவெளி ஊர்களில் அது உடனடியாகப் பயன்பட்டது. இங்கே வாங்கியவர்களில் கணிசமானோர், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஓடுகிற அதே ஒற்றைக் கியர் பெரிய சைக்கிளை வாங்கி, ஏற்றங்களில் அதைத் தள்ளிக்கொண்டு நடந்து, பெற்றோல் கிடைத்ததும் லயத்துச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். சைக்கிளில் பழுதில்லை, அது மட்டமான நிலத்துக்காகச் செய்யப்பட்டது. முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருக்கும் ஒரு பெரிய சைக்கிள், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றினால் அது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். ரம்பொடை ஏற்றத்தில் அந்த வேகத்தில் போகிறவருக்கு நம் ஆலோசனை எதுவும் தேவையில்லை.

சாதாரண உடல்வாகு உள்ளவர் ஏற்றத்தில் இருந்தபடியே மிதிக்க வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் குறைவாக நகரும் கியர் வேண்டும். முன்னால் 24 பற்கள், பின்னால் 28 பற்கள் என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 1.8 மீட்டர், நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு ஆறரை கிலோமீட்டர். நடப்பதைவிடச் சற்றே வேகம்தான், ஆனால் மூச்சிரைக்காமல் போய்ச் சேரலாம். எனவே கடையில் கியர் எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாகப் பற்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் இருப்பதில் மிகச் சிறிய சக்கரத்தின் பற்கள், பின்னால் இருப்பதில் மிகப் பெரிய சக்கரத்தின் பற்களைவிடக் குறைவாக இருந்தால் அந்தச் சைக்கிள் மலை ஏறும். ரேஸ் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 34, பின்னால் 28 என்று இருக்கும். 22 கியர் என்று பெருமையாகச் சொன்னாலும் பொதி ஏற்றிய நிலையில் நமது ஏற்றங்களில் அது முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

இனி டயருக்கு வருகிறேன். ஒல்லியான டயர் வேகமாக ஓடும், அகலமான டயர் இழுக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரே காற்றழுத்தத்தில் ஒரே எடையைத் தாங்கும் இரண்டு டயர்களை எடுத்துக்கொண்டால், ஒல்லியானதும் அகலமானதும் தரையைத் தொடும் பரப்பளவு ஏறத்தாழ ஒன்றுதான். எடையை அழுத்தத்தால் வகுத்தால் வரும் பரப்பு அது. சைக்கிளும் ஆளுமாக 80 கிலோ என்றும், அதில் 48 கிலோ பின்சக்கரத்தில் விழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல்) அழுத்தத்தில் அந்தப் பரப்பு சுமார் 17 சதுர சென்டிமீட்டர். ஒல்லியான டயரில் அது நீளமாகவும் குறுகலாகவும் அமையும். அகலமான டயரில் குட்டையாகவும் அகலமாகவும் அமையும். நீண்ட தடம் என்றால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர வேண்டும், அந்த நசுங்கலில்தான் நம் கால் உழைப்பு வெப்பமாக வீணாகிறது. ஆகையால் அழுத்தம் சமமாக இருந்தால் அகலமான டயரே சற்று எளிதாக உருளும். நடைமுறையில் அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைப்பதால் வழுவழுப்பான வீதியில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். கல்பாதையில் அகலமானது தெளிவாக முந்திவிடும், ஏனெனில் ஒவ்வொரு கல்லின் மேலும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போட்டு இறக்குவதும் உழைப்பை விழுங்குகிற காரியம்தான்.

காற்றைக் குறைத்து வைக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. டயரின் துணி தாங்கும் இறுக்கம், அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. 28 மில்லிமீட்டர் டயரில் 80 பிஎஸ்ஐ தரும் இறுக்கத்தை 40 மில்லிமீட்டர் டயர் 56 பிஎஸ்ஐயிலேயே பெற்றுவிடும். இதை அறியாமல், மோட்டார் கராஜில் கம்பிரசரைக் கொடுத்து அகலமான டயரைக் கல்போல ஊதிவிடுகிறவர்கள், காசு கொடுத்து வாங்கிய சொகுசைத் தாங்களே இல்லாமலாக்கிக்கொள்கிறார்கள். மறுபக்கமும் இருக்கிறது: காற்று அளவுக்கு மீறிக் குறைந்தால், கல்லில் மோதும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு கீறல் விழும். அப்படி இரட்டைக் கீறல் கண்டால் முள்ளைத் தேடி டயரைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம், காற்றைக் கூட்டினால் போதும்.

65 கிலோ அளவில் இருப்பவர் 32 மில்லிமீட்டர் டயரில் 55 பிஎஸ்ஐ முதல் 60 பிஎஸ்ஐ வரையும், 40 மில்லிமீட்டரில் முன்னால் 35, பின்னால் 40 என்றும், 50 மில்லிமீட்டரில் 30ஐ ஒட்டியும் தொடங்கி, தன் பாதைக்கும் பொதிக்கும் ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. கொழும்பில் காற்றடித்துவிட்டு நுவரெலியாவுக்கு வருகிறவர்கள், உயரத்தில் டயர் வெடித்துவிடுமோ என்று கேட்பதுண்டு. 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைவு என்பதால் டயரின் அழுத்தம் அந்த அளவு கூடித்தான் தெரிய வேண்டும். ஆனால் கொழும்பின் 30 பாகை வெப்பத்திலிருந்து நுவரெலியாவின் 15 பாகைக் குளிருக்கு வரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டிவிடுவதால் யாரும் எதையும் கவனிப்பதில்லை.

அப்படியானால் எந்த அகலம்? பிரதான வீதியும் தோட்டத்துப் பாதையும் கலந்து ஓடுகிறவருக்கு 38 முதல் 42 மில்லிமீட்டர் வரை என்பது என் தீர்ப்பு. ஹட்டனிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து வெலிமடை என்று காபட் வீதியை விட்டு இறங்காதவருக்கு 32 போதும். தொட்டலாகலைப் பக்கத்து மேல்மலைகளிலும் கவாத்து வெட்டிய சுள்ளி சிதறிக் கிடக்கும் தோட்டப் பாதைகளிலும் தினமும் புழங்குகிறவர் 47 அல்லது 50க்குப் போகலாம். தம்பதன்ன தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து லிப்டன் சீற் வரை ஏறும் பாதையை நினைத்துக்கொண்டால் எனக்கு 40க்குக் கீழே மனம் வராது. நடையாளர்களுக்காகக் கண்டிப் பக்கத்து ஹந்தானையிலிருந்து தேயிலை மலைகளினூடாக 300 கிலோமீட்டருக்கு மேல் வகுத்திருக்கும் பெக்கோ பாதையின் சில பகுதிகளில் சைக்கிளோடு போக விரும்புகிறவர்களுக்கு 50ஐச் சொல்வேன்.

சைக்கிள் வாங்கும்போது கூடவே வரும் டயர் 35 ஆக இருந்தாலும் பாதகமில்லை. ஃபிரேம் 45 வரை ஏற்குமா என்பதைத்தான் கேட்க வேண்டும், அதுவும் மட்கார்டோடு. மேற்குச் சரிவில் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஊவாப் பக்கத்தில் ஆண்டின் இறுதியில் வடகீழ் மழை, இடையில் பின்னேரத்து இடிமழை என்றிருக்கும் ஊரில் மட்கார்ட் இல்லாத சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் முதுகில் செம்மண் கோட்டோடுதான் போய் இறங்குவார். இந்த மண் வெறும் சேறுமன்று. காய்ந்த இலையும் மணலும் சேர்ந்து டயரில் அப்பிக்கொண்டு, ஃபோர்க்கின் இடுக்கில் இறுகி, சக்கரத்தையே நிறுத்திவிடும். இடைவெளியை அளக்க நான் பென்சிலைப் பயன்படுத்துகிறேன். பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் சாதாரண அறுபட்டைப் பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர் தடிப்பு. டயருக்கும் ஃபோர்க்கின் இரு பக்கத்துக்கும், பின்னால் செயின் பக்கத்துக் குழாய்களுக்கும், மேலே மட்கார்டுக்கும் இடையில் அந்தப் பென்சில் தாராளமாக நுழைந்து வந்தால் அந்த டயர் அந்தச் சைக்கிளுக்குச் சரி. பின்சக்கரத்தில், பெடல் அச்சுக்குப் பின்னால் இரு குழாய்களும் ஒடுங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இடிக்கும். கடைக்காரர் காட்டாத இடமும் அதுதான்.

தலவாக்கலையில் எனக்குத் தெரிந்த சைக்கிள் பாஸ் ஒருவர் இருக்கிறார். ஒருமுறை 42 டயரைக் கொண்டுபோய் மாட்டித் தாருங்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் டயரை ஃபோர்க்குக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏத்தலாம் சேர், ஓடவும் ஓடும். ஆனா ஒரு ஸ்போக் கம்பி லூசாகி ரிம் ரெண்டு மில்லி ஆடிச்சின்னா பிரேம்ல தேச்சிக்கிட்டே வரும். பெறகு எங்கிட்டதான் வருவீங்க" என்றார். இடைவெளியின் அவசியத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை. புதிய சக்கரம் நேராகத்தான் ஓடும். நமது பாதையில் ஒரு மழைக்காலம் ஓடிய சக்கரத்துக்குத்தான் அந்த மிச்ச மில்லிமீட்டர்கள் தேவைப்படுகின்றன.

அகலத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்று பிரேக். ரேஸ் சைக்கிளின் கலிப்பர் பிரேக் டயருக்கு மேலாக வளைந்து வருவதால் பெரும்பாலும் 28 மில்லிமீட்டருக்கு மேல் இடம் தராது. ரிம்மின் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் கைகளால் பிடிக்கும் வி-பிரேக் அகலமான டயருக்கு இடம் தரும். டிஸ்க் பிரேக் டயரின் அகலத்தோடு சம்பந்தமே இல்லாமல் அச்சுப் பக்கத்தில் வேலை செய்கிறது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை இழக்கிறோம். 80 கிலோ எடை அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மூன்று லீட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொண்டாலும் மீதி பிரேக்கில்தான் வெப்பமாக இறங்குகிறது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் அந்த வெப்பம் நேரே டயருக்கும் டியூபுக்கும் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. ஒல்லியான டயரில் உயர்ந்த அழுத்தமும் இருந்தால் நீண்ட இறக்கத்தில் டியூப் வெடிக்கவும் கூடும். பெரிய சைக்கிளின் இரும்பு ரிம்மோ மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பதே அரிது. எனவே வாங்க வசதியுள்ளவர்கள் டிஸ்க் பிரேக் உள்ளதை எடுங்கள். இல்லாதவர்கள் அலுமினிய ரிம்மும் வி-பிரேக்கும் உள்ளதை எடுத்து, இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் தேய்க்காமல், விட்டு விட்டுப் பிடித்து வாருங்கள்.

கடைகளில் அதிகம் காணும் மலிவான மவுண்டன் சைக்கிளின் முன் சஸ்பென்ஷன் எனக்கு உடன்பாடில்லை. எடை கூடுதல், ஏற்றத்தில் மிதிக்கும்போது குதிக்கும், வட்டவளைப் பக்கத்து மழையில் ஒரு வருடத்துக்குள் துருப்பிடித்து இறுகி, வெறும் கனமான ஃபோர்க்காகிவிடும். அதற்குச் செலவாகும் பணத்தில் சாதாரண ஃபோர்க்கும் நல்ல டயரும் கிடைக்கும். அந்தச் சைக்கிள்களின் நல்ல பக்கம், டயருக்குத் தாராளமான இடமும் தாழ்ந்த கியரும் இருப்பது. ஆகவே பழைய, சஸ்பென்ஷன் இல்லாத 26 அங்குல மவுண்டன் சைக்கிள் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அதன் முரட்டுப் பல் டயரைக் கழற்றிவிட்டு நடுவில் வழுவழுப்பான டயரைப் போட்டுக்கொள்வது, குறைந்த செலவில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி. முரட்டுப் பற்கள் காபட் வீதியில் இரைந்துகொண்டே நம் உழைப்பைத் தின்னும். ஈரத்தில் பற்கள்தான் பிடிக்கும் என்பதும் சரியன்று. சைக்கிளின் வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதப்பதில்லை, ரப்பரின் தன்மையும் காற்றின் அளவுமே பிடிப்பைத் தீர்மானிக்கின்றன. சேற்றில் மட்டும் பற்கள் உதவும். புகையிரதக் கடவையில் எந்த டயரானாலும் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடப்பதே வழி.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு, ரேஸுக்கும் மவுண்டனுக்கும் இடைப்பட்டதாக ஹைபிரிட் என்று விற்கும் வகையில் 40க்கு இடமுள்ளது போதும். ரேஸ் சைக்கிள் வடிவில் கல்பாதைக்கென அகலமான டயரோடு வரும் கிராவல் சைக்கிள் மிகப் பொருத்தமானதுதான், ஆனால் அதன் விலைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்வார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதை எடுத்தாலும் பின்னால் கெரியர் பூட்டத் துளைகள் இருக்கின்றனவா, வால்வு மோட்டார் சைக்கிளின் வால்வைப் போன்றதா என்று பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு வழியிலுள்ள கராஜ் கம்பிரசர் பொருந்தாது. டியூப் இல்லாத டயர்களைச் சிலர் புகழ்கிறார்கள்; எனக்கு டியூப் போதும், ஏனென்றால் ஒட்டுப் போடத் தெரிந்தவர் எந்தச் சந்தியிலும் கிடைக்கிறார்.

கடைசியாக அளவு எண்களைப் பற்றி. டயரின் பக்கத்தில் அங்குலக் கணக்கில் எழுதியிருப்பதை நம்பி டயர் வாங்கப் போகக் கூடாது. ஐஎஸ்ஓ 5775 முறைப்படி 40-622 என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்பதும் 29 அங்குலம் என்பதும் ஒரே 622 தான். 27.5 என்பது 584. மவுண்டன் சைக்கிளின் 26 என்பது 559. ஆனால் ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களில் காணும் 26 x 1 3/8 என்பது 590, அதே ஜப்பான் சைக்கிள்களின் 27 x 1 3/8 என்பது 609, நம் பெரிய சைக்கிளின் 28 x 1 1/2 என்பது 635. பெயரில் 26 என்று ஒன்றாக இருந்தாலும் 559க்குரிய டயரை 590 ரிம்மில் ஏற்றவே முடியாது. ஜப்பான் சைக்கிள்கள் உறுதியானவை, மட்கார்டும் கெரியரும் செயின் மூடியும் கூடவே வரும், ஆனால் 609 அளவுக்கு அகலத்தில் தெரிவு செய்ய ஏதும் இல்லை என்பதால் அதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஹட்டனுக்கோ கண்டிக்கோ டயர் வாங்கப் போகுமுன், பழைய டயரின் பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, அந்த இரட்டை எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால் தாளைக் காட்டுங்கள்.